அந்தோனி அண்ணையின் வான் மறந்த பின்னேரம்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ எனக்கு இரண்டு செய்திகள் சொன்னாய். இன்னும் சில வாரங்களில் நீ தகப்பனாகப் போகிறாய் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் உனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும், "எனக்கு ஒண்டுமே தெரியாதே அம்மா, நான் என்னத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கப் போறன்" என்பதையும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாய். மற்றதை நீ செய்தியாகவே நினைத்திருக்க மாட்டாய். பேச்சை மாற்றலாம் என்று வேலையைப் பற்றிக் கேட்டேன். யாரோ ஒருவருடைய காரைத் திருத்திய பிறகு, பெற்றோலை எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று அதன் எஞ்சின் கணினி பழைய நாட்களில் தானாகப் படித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் படிக்க விட்டதாகச் சொன்னாய். "மடிக்கணினியில ஒரு தட்டு, அவ்வளவுதான்" என்று சிரித்தாய். நான் பேசாமல் இருந்ததும் "லைன் கட்டாகிட்டுதோ அம்மா?" என்று கேட்டாய். கட்டாகவில்லை. நீ ஒரு தட்டில் முடித்த அந்த வேலையை நானும் அப்பாவும் முதன்முதலாகச் செய்த பின்னேரம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அப்பாவிடம் கேட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கதையில் நீயும் இருந்தாய், என் வயிற்றுக்குள்.

அப்போது நாங்கள் திருகோணமலைக்குப் பக்கத்தில், கப்பல்துறையில் கண்டி வீதியோரமாகக் குடியிருந்தோம். முன்பக்கம் அப்பாவின் கராஜ், பின்பக்கம் ஓர் அறையும் குசினியும். யுத்தம் ஒரு மாதம் தூரத்தில் கேட்கும், ஒரு மாதம் பக்கத்தில் கேட்கும். எப்படிக் கேட்டாலும் காலையில் கராஜைத் திறந்தே ஆக வேண்டும். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர் வைத்த எஞ்சின் என்றால் அப்பாவுக்குக் காது போதும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்புவார், இருமிக்கொண்டு நின்ற கார் தொண்டை திறந்து பாடத் தொடங்கும். ஆனால் அந்த வருடங்களில்தான் காபரேட்டரே இல்லாத ஜப்பான் வான்கள் ஒன்றிரண்டாகத் திருகோணமலைக்கு வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் திருப்புவதற்குத் திருகு இல்லை. இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன அலுமினியப் பெட்டி இருக்கும். அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அப்பா அந்தப் பெட்டியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். நானோ தினமும் பஸ் ஏறி, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றியில் இறங்கி நடந்து, திரும்பவும் ஏறி, நகரத்தில் ஒரு சின்ன நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தட்டெழுத்தும் கணினியும் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். அவருடைய வேலையும் என்னுடைய வேலையும் ஒருநாள் ஒரே மேசைக்கு வரும் என்று இருவருமே நினைத்ததில்லை.

அந்தோனி அண்ணை எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். மனைவியை இழந்தவர், ஒரு மகள் மட்டும். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவரிடம் அப்படி ஒரு ஜப்பான் வான் இருந்தது. வாடகைக்கு ஓடுவதாகத்தான் பேர், ஆனால் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அதுதான் அம்புலன்ஸ். பிள்ளைப்பேற்றுக்காரி, பாம்பு கடித்தவன், காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தை, எல்லோரும் அந்த வானில்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வேறு வான்காரர் அந்த வீதியில் ஓடப் பயந்து வாகனத்தை விற்றுவிட்டார்கள். பெற்றோல் கிடைக்காத காலம் வேறு. போத்திலில் விற்கும் பெற்றோலை வாங்குவார். அதில் பாதி மண்ணெண்ணெய், மீதியில் பீப்பாவின் துரு. அந்தக் கண்றாவியைக் குடித்துக்கொண்டும் அந்த வான் மாதக்கணக்காக ஓடியது. எப்படி ஓடுகிறது என்று அப்பாவே வியந்துகொள்வார். அதற்கான விடையை நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

ஒருமுறை நகரத்தில் நல்ல பெற்றோல் வந்தது. அந்தோனி அண்ணை வானைக் கொண்டுவந்து விட்டு, "தம்பி, இதுக்கு ஒருக்கா வயித்தைக் கழுவிவிடும்" என்றார். அப்பா தாங்கியைக் கழற்றிக் கழுவினார். எஞ்சினுக்குள் பெற்றோலைத் தூவும் இன்ஜெக்டர்களைக் கழற்றினால், ஒவ்வொன்றின் வாயும் துருவும் பிசினும் ஏறிப் பாதி அடைத்திருந்தது. ஒரு முழுநாள் இருந்து அவற்றை ஊறப்போட்டு, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மழைத்தூறல் மாதிரி ஒழுங்காகத் தூவும்வரை விடவில்லை. நல்ல பெற்றோலை ஊற்றி முடுக்கியபோது, கொஞ்சம் இருமிச் சூடேறியதும் வான் சுகமாகத்தான் ஓடியது. அன்றைக்கு அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார்.

அடுத்த நாள் மத்தியானம் அந்தோனி அண்ணை நடந்து வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழங்காலில் கிழிந்திருந்தது. கன்னத்தில் தார் ஒட்டியிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"தம்பி, வான் சென்றியடியில நிக்குது. இனி அதை எடுக்க என்னால ஏலாது."

நடந்தது இதுதான். காலையில் முடுக்கும்போதே வான் கறுப்புப் புகை கக்கியிருக்கிறது. ஓடினால் சரிவரும் என்று கிளம்பிவிட்டார். சென்றியில் நீண்ட வரிசை. உனக்கு அந்த இடங்களின் ஒழுங்கு தெரியாது. ஆமிக்காரன் கையைக் காட்டியதும் மெதுவாக உருண்டு வந்து வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும். கோட்டுக்கு முன்னாலும் நிற்கக்கூடாது, பின்னாலும் நிற்கக்கூடாது. வெடிகுண்டு வைத்த வாகனங்களைப் பற்றிய பயத்தில் எல்லோருடைய விரலும் துவக்கின் விசையிலேயே இருந்த காலம். அந்தோனி அண்ணையின் வான் வரிசையில் நின்று நின்று, கையைக் காட்டியதும் ஓர் அடி உருண்டு, ஒரு குலுக்குக் குலுக்கி, கோட்டுக்கும் மண்மூட்டைக்கும் நடுவில் செத்துவிட்டது. முடுக்கினார். கறுப்புப் புகை வந்தது. திரும்ப முடுக்கினார். அதற்குள் துவக்குகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட்டன. இறக்கி, தாரில் முகம் படக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஆமிக்காரப் பொடியன் ஒருவன் துவக்கின் வாயை அவருடைய பிடரியில் வைத்துக்கொண்டு நின்றானாம். வானை முழுக்கப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டபிறகு எழும்பிப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவனுக்குக் கை நடுங்கினது, தம்பி. துவக்கின்ர வாய் என்ர கழுத்தில டக்கு டக்கெண்டு படுது. அந்த நடுக்கம் இன்னும் என்ர கழுத்தில கிடக்கு."

அப்பா உடனே வெளிக்கிட்டார். வானை இழுத்து வருவதற்கு ஒரு உழவு இயந்திரத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டு போனார். கொண்டுவந்து நிறுத்தியதும் இன்ஜெக்டர்களைத் திரும்பக் கழற்றினார். ஒவ்வொன்றும் அவர் விட்ட மாதிரியே சுத்தமாக இருந்தது. குசினிக்குள் வந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "கெட்டுக் கிடக்கேக்க ஓடினது, நான் திருத்தினாப் பிறகு செத்துப்போச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். நான் அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. மகனே, நீயும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவாய். கை சுத்தமாகச் செய்த வேலைக்குப் பிறகு காரியம் முன்னையைவிட மோசமாகும். அந்த நேரம் செய்ததைக் குழப்பிவிடாதே. வேலையும் சரி, கேடும் உண்மை என்றால், இன்னும் பார்க்காத மூன்றாவது ஒன்று எங்கேயோ இருக்கிறது. அப்பா அதைத்தான் தேடினார், இந்தத் தடவை என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு.

அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. புகைக்குழாயில் ஒரு சென்சர் இருக்கிறது, எரிந்து வெளியே போகும் காற்றை அது மணந்து பார்த்துப் பெட்டிக்குச் சொல்கிறது என்று கொழும்பில் வேலை பழகியபோது யாரோ சொல்லியிருந்தார்கள். "என்னத்தைச் சொல்லுது எண்டு பாப்பம்" என்று அதன் வயரில் தன்னுடைய ஊசி மீற்றரைப் பொருத்தினார். எஞ்சினை முடுக்கி, சூடாகும்வரை விட்டார். என் ஏழாம் மாத வயிற்றோடு ஒரு பலகைக்கட்டையில் இருந்துகொண்டு மீற்றரைப் பிடித்திருந்தேன். முதலில் ஊசி அசையவே இல்லை. வான் இருமியது, கறுப்பாகப் புகைத்தது. குழாய் நன்றாகச் சூடேறியதும் ஊசி ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. திரும்பவும் போனது, வந்தது. பெற்றோல் கூடிவிட்டது, குறை; குறைந்துவிட்டது, கூட்டு என்று சென்சர் சொல்லச் சொல்லப் பெட்டி செய்தது. யாரும் தொடாமல், யாரும் கேட்காமல், அந்த இரும்பு தன்னைத்தானே கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தது. புகை தெளிந்தது. எஞ்சின் சத்தம் சமனாகியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து நீ உள்ளே இருந்து ஒரு உதை விட்டாய். வெளியே ஊசியையும் உள்ளே உன்னையும் எந்தக் கை அசைக்கிறது என்று தெரியாமல் நான் அப்படியே இருந்தேன்.

"பாருங்கோ, இப்ப நல்லாத்தானே ஓடுது" என்றேன். அப்பா எஞ்சினை அணைக்காமல் வானை ஆறுதலாக நிற்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்றி வரிசையில் நிற்பது மாதிரி. துறைமுகப் பக்கமிருந்து நல்ல காற்று. நேரம் போகப் போக, வானுக்குக் கீழே ஓடிய காற்றில் குழாய் ஆறியது. ஊசியின் ஆட்டம் சிறுத்தது, பிறகு நின்றது. ஊசி நின்று கொஞ்சத்தில் கறுப்புப் புகை வந்தது. வான் குலுங்கியது, செத்தது. சென்றியில் எப்படிச் செத்ததோ, அதே மாதிரி.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. என்னுடைய வகுப்பில் ஒரு பழைய கணினி இருந்தது. அதன் உள்ளே நாணயம் மாதிரி ஒரு சின்னப் பற்றரி; அது செத்துப்போனதால் அந்தக் கணினிக்கு ஒவ்வொரு நாளும் காலையில் திகதி மறந்திருக்கும். ஆனால் தான் ஒரு கணினி என்பது மறக்காது. எப்படி விழித்துக்கொள்வது என்பதும் மறக்காது. அது பிறக்கும்போதே எழுதிவிடப்பட்டது, பற்றரி இல்லாமலும் நிற்கும். பிறகு வந்து சேர்ந்தது மட்டும்தான் பற்றரியோடு போகும்.

"இஞ்சருங்கோ," என்றேன், "உந்தப் பெட்டி மணந்து பாக்க ஏலுமட்டும் மணத்தை நம்பி ஓடுது. குழாய் ஆறி மணக்க ஏலாமப் போனா முந்திப் படிச்சு வைச்சதை நம்பி ஓடுது. அது படிச்சது எந்த நாளையில? துருப்பிடிச்ச பெற்றோல் நாளையில. இன்ஜெக்டர் பாதி அடைச்சுக் கிடந்ததால கூட்டிக் கூட்டித் தூவப் பழகியிட்டுது. இப்ப நீங்கள் வாயைச் சுத்தம்பண்ணிப்போட்டியள். ஆனா அதுக்குத் தெரியாதே! இன்னும் கூட்டிக்கொண்டுதான் நிக்குது."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இப்போதும் வரைந்து காட்டுவேன். அந்தக் கேடுகெட்ட பெற்றோலில் அந்த வான் எப்படி மாதக்கணக்காக ஓடியது என்ற கேள்விக்கும் அதுதான் விடை. யாருக்கும் தெரியாமல், இருட்டில், அந்தச் சின்னப் பெட்டி எங்கள் பஞ்சத்தைப் படித்து, அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றி, நோயாளிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் படிப்புத்தான் இப்போது அந்தோனி அண்ணையைத் தாரில் படுக்க வைத்தது.

"அப்ப எப்பிடி அதைச் சொல்லுறது அதுக்கு?"

"பற்றரியைக் கழட்டிவிடுங்கோ. மறக்கட்டும்."

உடனே அவருடைய முகம் மாறியது. "எல்லாத்தையும் மறந்தால்? ஓடுறதையே மறந்தால்? உது போனா இன்னொரு பெட்டி எங்க எடுக்கிறது? கொழும்பிலயிருந்து ஆரும் கொண்டுவர விடுவாங்களே? வான் வெறும் தகரம். பேந்து உந்த ஊரில ஒரு வருத்தக்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒண்டுமில்லை."

"பிறக்கேக்கயே தெரிஞ்சது போகாது. வந்து படிச்சதுதான் போகும்."

"நிச்சயமோ?"

நிச்சயம் இல்லை. என் வகுப்புக் கணினியை வைத்துத்தான் சொன்னேன், வானின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டவள் அல்ல. அதையே சொன்னேன். அப்பா பற்றரியைத் தொடாமல், "இது எங்கட வான் இல்லை. அவரைக் கேப்பம்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்த தருணங்களில் அது ஒன்று. அந்தோனி அண்ணையை அழைத்து, ஊசியைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கி, வான் திரும்ப உயிர் பெறாமலே போகவும் கூடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்தோனி அண்ணை தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "கழட்டும் தம்பி. இப்பிடியே வைச்சிருந்தா ஒருநாள் என்னையெல்லோ கழட்டிப்போடுவாங்கள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அந்த மெல்லிய குரலில், "எனக்கும் அப்பிடி ஒரு வயர் இருந்தா ஒருக்காக் கழட்டிவிடு பிள்ளை. கழுத்தில கிடக்கிற நடுக்கம் போகட்டும்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் சிரிக்க வரவில்லை.

அப்பா பற்றரியின் வயரைக் கழற்றி, அது தவறிப்போய்த் திரும்ப முட்டிவிடாதபடி ஒரு துணியைச் சுற்றி வைத்தார். வானின் மணிக்கூடு அணைந்தது. தேத்தண்ணி ஊற்றினேன். மூன்று பேரும் வானைப் பார்த்தபடி குடித்தோம். தூரத்தில், கோதுமை மா ஆலைக்கு வந்து நின்ற கப்பலொன்று ஊதியது. ஒரு வாகனம் மறந்து முடிவதற்காகப் பெரியவர்கள் மூன்று பேர் காத்திருந்தோம் என்பதை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் இருப்பது போல இருந்தோம். போதும் என்று பட்டதும் அப்பா வயரைப் பூட்டிவிட்டு, "அண்ணை, நீங்களே முடுக்குங்கோ" என்றார்.

முடுக்கினார். பிடிக்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். திரும்ப முடுக்கினார். பிடித்தது. ஆனால் அது ஓடிய ஓட்டம்! உறுமி ஏறும், செத்துவிடும் போல இறங்கும், திரும்ப உறுமும். நடக்கப் பழகுகிற குழந்தை மேசைக்காலைப் பிடிக்கத் தாவுவது மாதிரி. அப்பா நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். "விடுங்கோ, விடுங்கோ, பொறுங்கோ" என்று நான் கத்தினேன். ஊசி ஒரு பக்கத்திலேயே கிடந்தது. பிறகு நடுங்கியது. பிறகு, நானே எதிர்பாராத ஒரு அமைதியோடு, அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. உறுமலும் இறக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றையொன்று நெருங்கி, ஒரே சத்தமாகியது. புகைக்குழாயில் புகையே இல்லை. அந்தோனி அண்ணை வீதியில் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா எஞ்சினை அணைக்காமல் வானை ஆறுதலாக நிற்க விட்டார். காற்றடித்தது, குழாய் ஆறியது, ஊசி அடங்கி நின்றது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். வான் சாகவில்லை. ஊசி நின்ற பிறகும் அது அதே சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பொனெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "படிச்சிட்டுது" என்றார். ஒரு பின்னேரத்துக்குள் ஒன்று மறந்து, பிறந்து, கற்று முடிந்ததை நாங்கள் பார்த்திருந்தோம்.

ஆனால் வான் சரியானதால் மட்டும் அந்தோனி அண்ணை சரியாகிவிடவில்லை. சென்றிப் பக்கம் திருப்ப அவருடைய கை மறுத்தது. இரண்டு நாள் வானைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் பஸ்ஸுக்குப் போகாமல் அவருடைய முற்றத்தில் போய் நின்று, "அண்ணை, என்னை டவுணில இறக்கிவிடுங்கோ" என்றேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "உம்மட நிலைமையில உது தேவையில்லாத வேலை" என்றார். "நான் சொல்லித்தானே கழட்டினது. அதுக்குள்ள நான் இருக்கப் பயந்தால் அவர் எப்பிடி இருக்கிறது?" என்றேன். மகனே, இதை நீ உன் தொழிலில் கடைப்பிடி. சரி என்று சொல்லி ஒரு வாகனத்தை ஒருவரிடம் கொடுக்கும்போது, உன் மனைவியையும் பிள்ளையையும் அதில் ஏற்ற நீ தயாரா என்று உன்னைக் கேட்டுக்கொள். அப்பா கடைசியில் பின்னிருக்கையில் ஏறி இருந்தார்.

சென்றியில் வரிசை நீளம். முன்னால் ஒரு பஸ்ஸை இறக்கிச் சோதித்தார்கள். வெயில். அந்தோனி அண்ணையின் கை வியர்வை சுக்கானில் ஒழுகியது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது. கையைக் காட்டினான். அன்றைக்கு நின்ற அதே பொடியன். நெற்றியில் பரு, உன் வயதைவிடச் சின்னவன். அவனுக்கும் வானை அடையாளம் தெரிந்துவிட்டது, துவக்கைச் சற்று உயர்த்திப் பிடித்தான். வான் உருண்டது. கோடு வந்தது. கோட்டில் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. அவன் ஜன்னலுக்கு வந்து குனிந்தான். என் வயிற்றைப் பார்த்தான். அந்தோனி அண்ணையைப் பார்த்தான்.

"இன்னைக்கி நிக்க இல்ல?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"இல்லை மாத்தையா. சரியாப்போச்சு."

அவன் முன்னால் போய், பொனெட்டில் கையை வைத்துப் பார்த்தான். அப்பா வைத்த மாதிரியே. அந்த அதிர்வைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றான். திரும்பி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அன்னைக்கி எனக்குப் பயம், ஐயா" என்றான். அந்தோனி அண்ணை அவனை ஏறிட்டுப் பார்த்தார். "எனக்கும்தான் தம்பி" என்றார். அவன் போகச் சொல்லிக் கையசைத்தான். சீனக்குடா தாண்டி, குடாவின் தண்ணீர் பளிச்சென்று தெரியும் திருப்பத்துக்கு வந்தோம். அங்கே அந்தோனி அண்ணை வானை ஓரம்கட்டி, இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின. அப்பா பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை.

அதன் பிறகும் யுத்தம் வருடக்கணக்காக இருந்தது. அந்த வீதி மூடும், திறக்கும். அந்தோனி அண்ணை மட்டும் ஓடுவதை நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வானில் போன தாய்மாருக்குப் பிறந்தவர்கள். இப்போது அவர் திரியாயில் மகளோடு இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, ஆனால் வீதியில் ஒரு வாகனம் போனால் அதன் எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லுவார். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கடைசியாகப் போனபோது கழுத்து எப்படி என்று கேட்டேன். "சில நாளையில இருக்கு, சில நாளையில இல்லை பிள்ளை" என்றார்.

நீ பிறந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வகுப்பு விடுமுறை. உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது முதுகில் வலி பிடித்தது, டொக்டர் சொன்ன நாளைவிட முந்தியே. அப்பா என்னை அந்தோனி அண்ணையின் வானில் ஏற்றினார். துறைமுகத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று காலையிலிருந்து வாகனங்களை மறித்து வைத்திருந்தார்கள். அந்தோனி அண்ணை வரிசையை விட்டு விலகி, விளக்குகளைப் போட்டுக்கொண்டு, வீதியின் நடுவால் மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். கழுத்தில் துவக்கின் வாயை வாங்கிய மனிதர், அதே சென்றியை நோக்கி, மறித்த வீதியில். நான் வலியில் கத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவருடைய பிடரியைப் பார்த்தது நினைவிருக்கிறது. அசையவே இல்லை. அன்றைக்கு நின்றவர்கள் வேறு ஆட்கள். குனிந்து பார்த்துவிட்டு, தடுப்பைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிய பிறகு அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. பெற்றோல் தங்கமாக விற்ற நேரம். வாசலில் நின்ற ஊழியர் வந்து ஏசினாராம், அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு நிறுத்தாமலே இருந்தாராம். அப்பா வெளியே ஓடி வந்து "பொடியன், அண்ணை, பொடியன்" என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்பியிருக்கிறார். ஏன் இவ்வளவு நேரமும் ஓடவிட்டீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, "அது ஓடுற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தா, உள்ளுக்கும் எல்லாம் சரியா நடக்கும் எண்டு ஒரு எண்ணம்" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாராம்.

அவரை உள்ளே விட்டபோது உன்னைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். உனக்குக் கண் திறக்கவில்லை. முகம் சிவந்து, நெற்றி சுருங்கி, ஏதோ கோபத்தில் இருப்பவனைப் போலக் கிடந்தாய். அப்பாவும் அந்தோனி அண்ணையும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கையோடு நின்றார்கள், தொட்டால் அழுக்காகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. உனக்கு எங்களைத் தெரியாது. யுத்தம் தெரியாது, வீதி தெரியாது, எது எவருடைய குரல் என்றும் தெரியாது. நீ என்னிடம் சொன்னாயே, ஒன்றுமே தெரியாது என்று. உன்னைவிட எனக்கு அன்றைக்கு இன்னும் குறைவாகத்தான் தெரியும். எப்படித் தூக்குவது என்றுகூட யாரும் காட்டித் தந்திருக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் எதிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது என்று பயந்துகொண்டு உன்னை மெல்ல நெஞ்சோடு அணைத்தேன். நீ தலையை ஒரு பக்கம் திருப்பினாய். பிறகு மற்றப் பக்கம். வாயைத் திறந்தபடி, கண் மூடியபடி, தேடினாய். நான் ஒன்றும் செய்யவில்லை மகனே, அசையாமல் இருந்தேன். நீயாகவே கண்டுபிடித்துக் குடிக்கத் தொடங்கினாய்.

அன்புடன்,
அம்மா